வெண்கலமும் எலும்பும்

ஸ்டாப்-மோஷன் கலைஞர் ரே ஹாரிஹவுசனைப் பற்றி எழுதுபவர்கள் அவருடைய பொறுமையைத்தான் முதலில் புகழ்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, எந்த உருவத்தை அசைத்தால் எடுபடும் என்று அவருக்கு இருந்த தெளிவு. 1963இல் வெளிவந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்' அதற்குச் சான்று.

ஸ்டாப்-மோஷனில் பொம்மையை இம்மியளவு நகர்த்தி ஒரு ஃபிரேம் எடுப்பார்கள். மறுபடி நகர்த்தி இன்னொன்று. நொடிக்கு 24 ஃபிரேம். ஓடுகிற மனிதனைப் படம்பிடித்தால் அவன் கைகால்கள் ஒவ்வொரு ஃபிரேமிலும் சற்று மங்கிப் பதியும். அந்த மங்கலைத்தான் நம் கண் ஓட்டமாக எடுத்துக்கொள்கிறது. பொம்மையோ கேமரா திறக்கும் கணத்தில் அசையாமல் நிற்கும். படம் துல்லியமாக விழும், நடை வெட்டி வெட்டித் தெரியும். 'கிங் காங்'கில் (1933) வில்லிஸ் ஓ'பிரையனின் குரங்குக்கு முயல் ரோமம் போர்த்தியிருந்தார்கள். விரல் பட்ட இடமெல்லாம் கலைந்து, திரையில் அது தானாகச் சிலிர்த்தது. சிறுவனாக அந்தப் படத்தில் கிறங்கிப்போன ஹாரிஹவுசன், பிற்பாடு 'மைட்டி ஜோ யங்'கில் (1949) ஓ'பிரையனிடமே வேலை பார்த்தார்.

இந்த வெட்டு நடையை மறைக்க முடியாதென்றால் அதற்கேற்ற உடலைத் தேட வேண்டியதுதான். 'ஜேசன்' படத்தில் வரும் டேலோஸ் வெண்கலத்தால் ஆன பூதம். ஜேசனின் தோழர்கள் ஹெர்குலிஸும் ஹைலஸும் புதையலறையிலிருந்து வெளியே வரும்போது, பீடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சிலையின் தலை கிறீச்சிட்டுத் திரும்புகிறது. உலோகம் அப்படித்தானே திரும்பும்! தொழில்நுட்பத்தின் குறை அங்கே பாத்திரத்தின் குணமாகிவிடுகிறது. அதே படத்தின் இறக்கையுள்ள ஹார்ப்பிகளையும் பலதலைப் பாம்பான ஹைட்ராவையும் நான் அந்த வரிசையில் வைக்க மாட்டேன். தசையும் இறக்கையும் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை.

உச்சம் எலும்புக்கூட்டுச் சண்டை. புராணத்தில் விதைத்த பல்லிலிருந்து முளைப்பவர்கள் உயிருள்ள வீரர்கள்; படத்தில் எலும்புக்கூடுகள். ஏழு கூடுகள், எதிரே மூன்று மனிதர்கள். நடிகர்கள் முதலில் வெறுங்காற்றோடு வாள் வீசினார்கள். அந்தப் படச்சுருளைப் பொம்மைகளுக்குப் பின்னாலிருந்த சிறு திரையில் ஃபிரேம் ஃபிரேமாக விழவைத்து, ஒவ்வொரு வீச்சுக்கும் பொருந்தும்படி பொம்மைகளை அசைத்தார் ஹாரிஹவுசன். முன்னால் வர வேண்டிய பகுதியைக் கறுப்பால் மறைத்து, பிறகு சுருளைப் பின்னோக்கி ஓட்டி அதை மட்டும் மறுபடி பதிவுசெய்வார். பொம்மை இரண்டு நிஜங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். இதற்கு வைத்த விளம்பரப் பெயர் 'டைனமேஷன்'. ஒரு கூட்டுக்குத் தலை, கை, கால் என ஐந்து உறுப்பு. ஏழு கூட்டுக்கு ஃபிரேமுக்கு 35 அசைவு. சில நாள் வேலை 13 ஃபிரேமோடு முடிந்தது, அதாவது அரை நொடி. சில நிமிடச் சண்டைக்கு நாலரை மாதம் பிடித்தது. தசையில்லாத கூட்டுக்கு வெட்டு நடையே இயல்பு என்பதால், அதில் யாருக்கும் குறை தெரிவதில்லை.

படத்தின் பலவீனம் கதை. ஜேசன் தேடிப்போன தங்கக் கம்பளி கிடைத்ததும் பாதியில் அறுந்ததுபோல் நின்றுவிடுகிறது. தந்திக் கருவிகளே இல்லாமல் பெர்னார்ட் ஹெர்மன் அமைத்த இசைதான் பல இடங்களில் தாங்கிப் பிடிக்கிறது.

ஓடும் உடலின் அந்த மங்கலைப் பொம்மைக்கும் கொண்டுவர, படம் பதியும்போதே பொம்மையை மோட்டாரால் அசைக்கும் 'கோ-மோஷன்' 1981இல் 'டிராகன்ஸ்லேயர்' படத்தில் வந்தது. ஹாரிஹவுசனின் கடைசிப் படமான 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' வெளியானதும் அதே ஆண்டில்தான். 1993இல் 'ஜுராசிக் பார்க்' அந்தக் கோ-மோஷனையும் ஓரங்கட்டி, கணினியிடம் வேலையைக் கொடுத்தது.

'ஜேசன்' படத்தின் காட்சி ஜாலங்களுக்கு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு விருதைப் பெற்றது 'கிளியோபாட்ரா'.