பாதியில் நின்ற படிக்கட்டு

வில்ஹெல்ம்ஸ்ஹோஹே மலைப்பூங்கா என்றதும் எல்லாரும் காட்டும் படம் ஒன்றுதான். உச்சியில் எண்கோணக் கோட்டை, அதன்மேல் ஒரு பிரமிடு, பிரமிடின் நுனியில் செம்பு ஹெர்குலிஸ், அவர் காலடியிலிருந்து நேர்கோட்டில் இறங்கும் கல்லருவி. ஜெர்மனியின் காசல் நகரத்துக்கு அதுவே முகவரி. 2013-இல் யுனெஸ்கோ இந்தப் பூங்காவை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோதும் அந்தச் சிலையும் நீர்விளையாட்டும்தான் முன்னே நிறுத்தப்பட்டன. படம் பொய்யில்லை. ஆனால் இந்தப் பூங்காவின் சிறந்த பகுதி அந்தப் படத்துக்குள் வரவே இல்லை. அதைத்தான் இங்கே வாதாட நினைக்கிறேன்.

முதலில் படத்துக்குரிய நியாயம். ஹெஸ்ஸே-காசல் சிற்றரசர் கார்ல் 1699-1700இல் இத்தாலி போய்வந்தார். ரோம் நகரில் ஃபார்னேசே ஹெர்குலிஸ் சிலையையும், ஃப்ரஸ்காத்தியில் அல்டோபிராண்டினி மாளிகையின் படியருவியையும் பார்த்தவருக்கு அதெல்லாம் தன் மலையிலும் வேண்டும் என்று தோன்றியது. 1701-இல் கட்டடக்கலைஞர் குவெர்னியேரோ வேலையைத் தொடங்கினார். 1714-இல் முதன்முறையாகத் தண்ணீர் ஓடியது. 1717-இல் ஆக்ஸ்பர்க் பொற்கொல்லர் அந்தோனி செப்புத் தகடுகளை அடித்து உருவாக்கிய, எட்டு மீட்டருக்கு மேல் உயரமான சிலை பிரமிடின்மேல் ஏறியது.

இந்த மேற்பகுதியில் தயக்கமே கிடையாது. ஒரே எண்ணம், அதை அடிமுதல் நுனிவரை நிறைவேற்றும் பிடிவாதம். தேவர்களோடு போரிட்டுப் பாறைகளுக்கடியில் புதைக்கப்பட்ட எங்கெலாடோஸ் என்ற அரக்கனின் முகம் மட்டும் கற்குவியலுக்கு வெளியே தெரிகிறது. அவன் வாயிலிருந்து பன்னிரண்டு மீட்டர் உயரத்துக்கு நீர் பீறிட்டு, மேலே நிற்பவரை நோக்கி எழுகிறது. அரைக்குதிரை மனிதன் ஒருவனும் ஆட்டுக்கால் வனதேவன் ஒருவனும் கொம்பூதுகிறார்கள். உள்ளே விழும் நீர் காற்றை நெருக்க, அந்தக் காற்று கொம்பின் வழியே கரகரத்த குரலாக வெளிவருகிறது. இனிய ஓசை என்று சொல்ல மாட்டேன், ஆனால் மலையே தொண்டையைக் கனைப்பதுபோல் இருப்பது உண்மை. ஹெர்குலிஸோ எல்லா வேலையும் முடிந்தவராக, தடியில் சாய்ந்து, களைத்துப்போய்க் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார். வெற்றிச் சின்னத்துக்கு இப்படி ஒரு களைத்த வீரரைத் தேர்ந்தது, கார்ல் அறிந்து செய்தாலும் அறியாமல் செய்தாலும், நல்ல தேர்வு.

குறை எங்கே என்றால், அடியில் நின்று நிமிர்ந்து பார்த்த முதல் நொடியிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. 250 மீட்டர் நீளத்துக்கு ஒரே படிவரிசை. அதன்பின் தண்ணீர் நிரம்புவதைக் காத்திருந்து பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும், வியப்பு வேண்டியதில்லை. தண்ணீர் விடாத நாளில் போனால் பிரம்மாண்டமான கற்படிக்கட்டு மட்டுமே மிச்சம். அந்தக் கல்லும் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்கல். நீரை உறிஞ்சி, பனிக்காலத்தில் உறைந்து, வெடித்து உதிரக்கூடியது. மூன்று நூற்றாண்டுகளாகப் பழுதுபார்ப்பு ஓயாததற்கு இதுவே காரணம். தண்ணீரைக் கொண்டாட எழுப்பிய கட்டடத்துக்குத் தண்ணீர் தாங்காத கல்லைப் பிடித்தது, அருகில் கிடைத்ததே என்ற சிக்கனமாக இருக்கலாம். கட்டடக்கலையாக அது தவறு.

பொறியியலில் மட்டும் இந்தப் பூங்காவை அசைக்க முடியாது. வெர்சாய் நீரூற்றுகளுக்காக 1684-இல் மார்லியில் அமைத்த இயந்திரம் பதினான்கு சக்கரங்களையும் இருநூற்றுக்கு மேற்பட்ட பம்புகளையும் கொண்டு சேன் ஆற்று நீரை 150 மீட்டருக்கு மேல் தூக்கியது. அத்தனை பாடுபட்டும் எல்லா ஊற்றுகளுக்கும் ஒரே நேரத்தில் நீர் போதவில்லை. அரசர் வருகிறார் என்று விசிலடித்துச் சொல்லி ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். காசலில் பம்பே கிடையாது. மழைநீரும் மலையோடை நீரும் மலைமேல் உள்ள தேக்கங்களில் சேர்கின்றன. மதகைக் கையால் திறந்தால் மற்றதைச் சரிவு பார்த்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், நீராவியால் நீரேற்றும் பம்பைச் செய்துபார்த்த டெனி பப்பன் அப்போது கார்லின் ஆதரவில் காசலிலேயே இருந்தார். 1707-இல் அதைப் பற்றி நூலும் எழுதிவிட்டு அதே ஆண்டு ஊரைவிட்டுப் போனார். வருங்காலத்தின் இயந்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, மலை பழைய புவியீர்ப்பையே நம்பியது. இன்றும் ஓடுகிறது.

இனி என் வழக்கின் மையம். குவெர்னியேரோ அச்சிட்ட வரைபடங்களில் இந்தப் படியருவி அடிவாரத்து மாளிகைவரை நீள்கிறது. கட்டியது ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான். 1715-இல் அவர் ஊரைவிட்டே போய்விட்டார். வரலாற்று நூல்கள் இதை நிறைவேறாத கனவு என்று இரக்கத்தோடு குறிக்கும். எனக்கு இரக்கம் வரவில்லை. அந்தத் திட்டம் முடிந்திருந்தால் மலை முழுவதும் ஒரே நேர்க்கோடாகியிருக்கும். மேலே சொன்ன குறை மூன்று மடங்காகியிருக்கும். மிஞ்சிய சரிவில்தான், ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, கார்லின் கொள்ளுப்பேரர் ஒன்பதாம் வில்ஹெல்ம் காலத்தில், கட்டடக்கலைஞர் யூசோவும் நீரூற்றுக் கண்காணிப்பாளர் ஸ்டைன்ஹோஃபரும் கைவைத்தார்கள்.

அவர்கள் செய்தது வேறு கலை. கோடைக்காலத்துப் புதன், ஞாயிறு, விடுமுறை நாள்களில் பிற்பகல் 2.30-க்கு ஹெர்குலிஸ் காலடியில் நீர் விடுகிறார்கள். 3.05-க்கு ஸ்டைன்ஹோஃபர் அருவி, 3.20-க்குப் பேய்ப்பாலம், 3.30-க்குத் தொட்டிப்பாலம், 3.45-க்குப் பெருநீரூற்று. தேருக்குப் பின்னால் போகிற கூட்டம்போல் ஆயிரக்கணக்கானோர் தண்ணீரைத் தொடர்ந்து இறங்குகிறார்கள். ஒரே நீர்தான் கூடவே வருகிறது என்று தோன்றும். உண்மையில் வழியெங்கும் தனித்தனித் தேக்கங்கள், தனித்தனி மதகுகள். பணியாளர்கள் நேரம் பார்த்துத் திறக்கிறார்கள். அந்த ஏமாற்று தெரிந்த பிறகும் கலையவில்லை. அதுதான் அதன் பலம்.

ஸ்டைன்ஹோஃபர் அருவி எனக்கு எல்லாவற்றிலும் உயர்ந்தது. காட்டுக்குள் ஒரு பாறைமுகம், அவ்வளவே. சிலை இல்லை, தூண் இல்லை. மரங்களுக்கு இடையே முதலில் ஒரு சலசலப்பு மட்டும் கேட்கும். பிறகு பாறையின் ஓரிடத்தில் ஈரம் கறுக்கும். இன்னோரிடத்தில் ஒரு நூல் இழை இறங்கும். எங்கிருந்து வருகிறதென்று கண் தேடும்போதே பாறை முழுவதும் வெள்ளையாகிவிடும். 1793-இல் மனிதர் அடுக்கிய கற்கள் இவை என்று சொன்னால்தான் தெரியும். மேலே படியருவி தன்னைப் பார்க்கச் சொல்கிறது. இது நம்மைத் தேடச் சொல்கிறது.

தொட்டிப்பாலம் நேர்மாறான தந்திரம். யூசோ அதை இடிந்த ரோமானியக் கட்டடமாகவே புதிதாகக் கட்டினார். வளைவுகள் நடுவில் அறுந்து நிற்கின்றன. அறுந்த முனையிலிருந்து நீர் ஏறத்தாழ முப்பது மீட்டர் விழுகிறது. இடிபாட்டின் குறையையே அருவியின் காரணமாக்கிய அந்த அறிவைப் பாராட்டத்தான் வேண்டும். பெருநீரூற்றின் கணக்கு இது: எண்பது மீட்டர் உயர வேறுபாட்டின் அழுத்தம், குழாய் உராய்விலும் காற்றின் தடையிலும் தேய்ந்து, சுமார் ஐம்பது மீட்டர் நீர்த்தூணாக நிற்கிறது. கைதட்டல் இங்கேதான் அதிகம். பூங்காவுக்குள் இருக்கும் லோவென்பர்க் கோட்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழங்கோட்டை வேடம் போட்ட அரசர் மாளிகை அது, வில்ஹெல்மின் கல்லறையும் அங்கேதான். தொட்டிப்பாலத்தில் பொய் ஒரு வேலை செய்கிறது. இங்கே பொய் சும்மா நிற்கிறது.

ஆனால் கீழ்ப்பகுதியைப் புகழ்ந்த அதே வாயால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வில்ஹெல்மின் தந்தை இரண்டாம் ஃப்ரீட்ரிஹ் 1776-இல் பிரிட்டனுடன் ஒப்பந்தம் செய்து, அமெரிக்கக் குடியேற்றங்களை அடக்க ஏறத்தாழ 12,000 படைவீரர்களை வாடகைக்குக் கொடுத்தார். வில்ஹெல்மும் பட்டத்துக்கு வருமுன் ஹானாவிலிருந்து ஆள் அனுப்பியவர்தான். 1785-இல் அவர் கைக்கு வந்த கருவூலம் ஐரோப்பாவின் பெருஞ்செல்வங்களில் ஒன்று. வாடகைக்குப் போன குடியானவப் பிள்ளைகளில் பலர் திரும்பவில்லை. அந்தச் செல்வத்தின் மேல்தான் இந்தக் காட்டருவிகள் ஓடுகின்றன. கார்லின் மேற்பகுதி அதிகாரத்தை ஒளிக்கவில்லை. நசுங்கிய அரக்கனும் மேலே நிற்கும் வீரனும் யார் ஆள்வது, யார் அடங்குவது என்பதைப் பச்சையாகச் சொல்கிறார்கள். கீழே அதே அதிகாரம் பாறையாகவும் பாசியாகவும் உருமாறி, இது இயற்கை, இதில் யாருடைய பணமும் இல்லை என்று முகத்தை வைத்துக்கொள்கிறது. கலையில் கீழ்ப்பகுதி மேல். நேர்மையில் மேற்பகுதி மேல். அழகு அந்தக் கடனை அடைத்துவிடாது. அந்தக் கடனைக் காட்டி ஸ்டைன்ஹோஃபர் அருவியை மட்டமான அருவி என்று சொல்லவும் முடியாது. பூங்காவின் விளக்கப் பலகைகளில் படைவீரர்களுக்கு இடம் கொடுப்பதே குறைந்தபட்ச நியாயம்.

ஆக என் தீர்ப்பு: வில்ஹெல்ம்ஸ்ஹோஹே தன் புகழுக்குத் தகுதியானது, ஆனால் புகழின் முகவரி தவறு. ஹெர்குலிஸை மட்டும் பார்த்துவிட்டு வண்டியேறுபவர் ஒரு திட்டத்தின் முன்னுரையைப் படித்தவர். தண்ணீர் விடாத நாளில் போகிறவர் அதையும் படிக்காதவர். உச்சியில் தொடங்கி, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தான சரிவில், கூட்டத்தோடு நேரத்துக்கு ஓடி இறங்க முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். முதியவர்களிடம் இந்தப் பூங்கா கடுமையாகவே நடந்துகொள்கிறது. எல்லா இடத்தையும் பிடிக்க முடியாதவர்கள் படியருவியை விட்டுவிடலாம். படத்தில் பார்த்ததுதான் அங்கே இருக்கிறது. மூன்று மணிக்குச் சற்று முன்பே ஸ்டைன்ஹோஃபர் பாறையின் எதிரில் இடம் பிடித்துக்கொள்ளட்டும்.