இரண்டு வளவு, ஒரு வாசல்

மன்னார்ப் பக்கத்து நறுவிலிக்குளம் போன்ற ஊர்களில் ஒரே வளவைப் பிரித்து அக்காவுக்கும் தங்கைக்கும் சீதனம் எழுதிக்கொடுப்பது புதிதல்ல. பிறகு அக்கா கனடாவுக்குப் போய்விடுவாள். தங்கை இரண்டு வீட்டையும் ஒன்றாக்கப் பார்ப்பாள். நடுமதிலை மேசன் ஒரு நாளில் இடித்துவிடுவார். மிச்சமெல்லாம் கடதாசி வேலை.

அக்கா விற்றால், நொத்தாரிசு உறுதி முடிக்கையில் முதல் இலட்சத்துக்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமும் முத்திரை வரி. 50 இலட்சம் பெறுமதியென்றால் 199,000 ரூபாய். நன்கொடை உறுதியென்றால் ஏறக்குறையப் பாதி. கடலுக்கு அப்பால் ராமேஸ்வரத்தில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். இந்தியாவில் எல்லாம் மலிவு என்பவர்கள் இதைக் கவனிக்கலாம். ஆனால் குடும்பத்துக்குள் தான செட்டில்மென்ட் எழுதினால், 2023 முதல் அங்கே முத்திரை 40,000, பதிவு 10,000 இந்திய ரூபாய்க்கு மேல் ஏறாது. நம் நன்கொடைக்கு அப்படியொரு உச்சவரம்பு இல்லை.

அக்காவுக்கு இன்னொரு சில்லெடுப்பும் உண்டு. 2018 ஏப்ரலில் திரும்பி வந்த மூலதன ஆதாய வரி, குடியிருந்த வீட்டை விற்பவரை விட்டுவிடுகிறது. ஆனால் விற்பதற்கு முந்திய மூன்று வருடத்தில் இரண்டு வருடமாவது அதில் வாழ்ந்திருக்க வேண்டும். அற்றோணித் தத்துவம் அனுப்பி விற்பவருக்கு அந்த விலக்கு எட்டாது.

வீடு கைக்கு வந்தபின் இங்கே வேலை ஒரே வழியில் போகும்: நில அளவையாளர் இரண்டு துண்டையும் சேர்த்துக் கீறும் வரைபடம், நானாட்டான் பிரதேச சபையின் அனுமதி, அதை வைத்து எழுதும் உறுதி, மன்னார் காணிப் பதிவகம். இரண்டும் உறுதிக் காணியென்றால் அலைச்சல்தான், பொறி இல்லை.

தமிழ்நாட்டில் பொறி அளவில் இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி. தலா 1,500 அடி மனை இரண்டைச் சேர்த்தால் 3,000. அந்தச் சலுகை போயிற்று. 2022 சொத்துவரி உயர்விலும் இதே கணக்கு: சென்னைக்கு வெளியே நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் 25 சதவீதம் ஏற்றியவர்கள், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கும் மேல் 100 என்று ஏற்றினார்கள். சின்ன வீடு இரண்டு வைத்திருப்பவருக்கு இரக்கம், அதையே ஒன்றாக்கியவருக்குத் தண்டம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரமும் இணைப்புக்கு இணைப்புத்தான். அங்கே கதவை மட்டும் திறந்துவிட்டு வரி எண் இரண்டையும் அப்படியே வைத்திருப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

நம் பக்கம் உண்மையில் காலை வாருவது பெர்மிற் காணி. 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த துண்டைப் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. ஒரு வீடு உறுதிக் காணியிலும் மற்றது பெர்மிற் காணியிலும் நின்றால், அளவையாளருக்குக் காசு கொடுக்க முதல் பிரதேச செயலகக் காணிக் கிளையில் கேட்டுவிடுங்கள்.