மாற்றப்பட்ட கேள்வி

2020 மே 13. ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயின் வாரன் பார்க் பகுதியில் ஒரு சிறு போராட்டம். கொரோனா ஊரடங்கில் பிழைப்பை இழந்த ஏழைகளுக்கு அரசு உணவு கொடுக்கவில்லை என்பதே அதன் குரல். முன்னின்றவர்களில் மூவர் பெண்கள்: எதிர்க்கட்சியான எம்.டி.சி. கூட்டணியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோவானா மமோம்பே, அக்கட்சி இளைஞர் அணியின் செசிலியா சிம்பிரி, நெட்சாய் மரோவா.

போலீஸ் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்ட மூவரும் பின்னர் காணாமல் போனார்கள். இரண்டு நாள் கழித்து பிந்துரா அருகே கண்டெடுக்கப்பட்டார்கள். அடிக்கப்பட்டோம், பாலியல் வதைக்கு ஆளானோம் என்றார்கள். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோதே, போராடியதற்காக அவர்கள்மீது வழக்கு பாய்ந்தது. ஜூன் மாதம் மீண்டும் கைது: கடத்தப்பட்டதாக நாடகமாடினார்களாம்.

இந்த இரண்டாவது வழக்கைத்தான் நாம் கவனமாகப் படிக்க வேண்டும். பசித்தவர்களுக்குச் சோறு கேட்பது குற்றமா என்ற கேள்விக்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும். இந்தப் பெண்கள் பொய் சொல்கிறார்களா என்று கேள்வியை மாற்றிவிட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பெண்களே. புகார் கொடுத்தவளையே கூண்டில் ஏற்றும் இந்த வழி நமக்குப் புதிதல்ல.

ஆனால் என் குறை அரசின்மீது மட்டுமல்ல. அப்போது நானும் தோழிகளும் ஒரு கண்டன அறிக்கை எழுதினோம். அண்மையில் அதை எடுத்துப் படித்தபோது வெட்கமாக இருந்தது. ‘அப்பாவி இளம்பெண்கள்’ என்று எழுதியிருக்கிறோம். காயங்களைப் பற்றி இரண்டு பத்தி. உணவு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அரசியல்வாதிகளை நாங்களும் வெறும் உடல்களாக்கிவிட்டோம்.

வதையைப் பேசத்தான் வேண்டும். அதை மட்டுமே பேசினால், காயம் இல்லாதவளுக்காக எப்படி வாதாடுவோம்? அதே நாட்டின் எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஃபட்சாயி மஹேரே, போலீஸ் வன்முறை பற்றிய ஒரு சமூக ஊடகப் பதிவுக்காக 2021 ஜனவரியில் கைதானார். செய்தி பொய் என்றது காவல்துறை. பொய்யாகவே இருக்கட்டும், அதற்கு ஒரு மறுப்பறிக்கை போதாதா? ‘பொய்ச் செய்தி பரப்புதல்’ என்ற அந்தச் சட்டப்பிரிவே இப்போது இல்லை என்று அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு பத்திரிகையாளரின் வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படியிருந்தும் 2023 ஏப்ரலில் மஹேரே குற்றவாளியாக்கப்பட்டார். 500 டாலர் அபராதம். அவரிடம் காட்டக் காயம் இல்லை. அவருக்காக நாங்கள் அறிக்கையும் எழுதவில்லை.

2023 ஜூலையில், நாடகமாடியதாகப் போட்ட வழக்கிலிருந்து மமோம்பேயையும் சிம்பிரியையும் உயர் நீதிமன்றம் விடுவித்தது. மகிழ்ந்தேன். ஆனால் அது அரசு மாற்றி வைத்த கேள்விக்குக் கிடைத்த பதில். வாரன் பார்க்கில் அவர்கள் கேட்டது வேறு. இனி ஓர் அறிக்கை எழுத உட்கார்ந்தால், அவர்கள் கேட்டதை முதல் வரியில் எழுதுவேன். அவர்களுக்கு நேர்ந்தது அடுத்த வரியில் வரட்டும்.