எத்தனை மணி நேரம் ஓடும்? – 'வெண்பா' கேமும் நம் மாணவர்களின் வாதமும்



தேர்வு முடிந்த வாரம். படிவம் மூன்று வகுப்பின் பின்வரிசையில் ஒரே சத்தம். என்ன சண்டை என்று போய்ப் பார்த்தால், விடுமுறையில் எந்த கேம் ஆடலாம் என்று வாதம் நடக்கிறது. ஒரு மாணவி, அக்காவின் ஸ்விட்ச் கருவியில் ஆடி முடித்த 'வெண்பா'வைப் பரிந்துரைத்திருக்கிறாள்.

"எத்தனை மணி நேரம் ஓடும்?" என்று கேட்டான் எதிரில் இருந்தவன்.

"ஒன்றரை மணி நேரம் இருக்கும்."

"அவ்ளோதானா? காசு வேஸ்ட் லா! மொபைல் லெஜண்ட்ஸ் ஃப்ரீ. அதுக்கு முடிவே கிடையாது."

"இது தமிழ் கேம்டா. நாமதானே சப்போர்ட் பண்ணணும்?"

கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பி, "டீச்சர், நீங்களே சொல்லுங்க" என்றார்கள். நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஆடிப் பார்க்காத கேமைப் பற்றி என்ன சொல்வது? அந்த வார இறுதியில் வாங்கி ஆடினேன். இந்தக் கட்டுரை அவர்களுக்கு நான் தர வேண்டிய பதில். உங்கள் வகுப்பிலும் இதே வாதம் நடந்திருக்கலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கேம் எப்படிப்பட்டது?

'வெண்பா' 2023 ஜூலை 31-இல் வெளிவந்தது. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறிய குழு செய்தது. கதை 1980-களின் இறுதியில் தொடங்குகிறது. இந்தியாவிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதி. கணவர் பாவலன், மனைவி வெண்பா. பாவலன் வீட்டில் வெண்பா! பெயரைக் கேட்டதும் தமிழாசிரியர் யாருக்கும் ஒரு புன்னகை வரும். மகன் பெயர் கவின்.

வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்பேடு இருக்கிறது. பக்கங்கள் கிழிந்து, கறை படிந்து, எழுத்து பாதி அழிந்துவிட்டது. விடுபட்டதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக்குழாயில் எதை முதலில் போடுவது என்பதெல்லாம்தான் புதிர்கள். சமையலுக்கு இடையிடையே குடும்பப் பேச்சு. ஒவ்வோர் அத்தியாயத்திலும் கவின் சில ஆண்டுகள் வளர்ந்துவிடுகிறான். வளர வளர அம்மா தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். சமையலறை வானொலியில் ஒலிக்கும் பாடல்கள், வெவ்வேறு காலத்துத் தமிழ்த் திரையிசையின் பாணியில் புதிதாக அமைக்கப்பட்டவை.

மணிக்கணக்கு என்ற அளவுகோல்

முதலில் அந்த மாணவன் பக்கம் நின்று பார்ப்போம். 'வெண்பா'வின் விலை ஏறக்குறைய 15 அமெரிக்க டாலர். வீட்டில் கேட்டு வாங்க வேண்டிய பணம் அது. "எத்தனை மணி நேரம் ஓடும்?" என்று அவன் கேட்டதைப் பேராசை என்று ஒதுக்க முடியாது. சிக்கனமாக வளர்ந்த பிள்ளை அப்படித்தான் கேட்பான். கேம் ஆர்வலர்களும் உலகம் முழுக்க இதையே கேட்கிறார்கள். ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஒரு விமர்சனத்தைத் திறந்தால், எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்ற கணக்கும் கூடவே தெரியும்.

ஆனால் இந்த அளவுகோல் யாரை அடிக்கிறது என்று பாருங்கள். ஸ்டீம் கடையில் 2015 முதல் ஒரு விதி இருக்கிறது. வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், என்ன காரணம் சொன்னாலும் பணம் திரும்பக் கிடைக்கும். வாடிக்கையாளருக்கு நல்ல விதிதான். ஆனால் முழுக் கதையும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் கேம் என்றால்? ரசித்து முடித்துவிட்டும் திருப்பிக் கொடுக்கலாம். 2021-இல் 'சம்மர் ஆஃப் 58' என்ற சிறிய திகில் கேமைச் செய்தவர் இதைச் சொல்லித்தான், கேம் செய்வதையே நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார். அவருடைய கேமை ஆடியவர்கள் பெரும்பாலும் நல்லதாகவே எழுதியிருந்தார்கள்.

2013-இல் வந்த 'கோன் ஹோம்' கேமுக்கும் இதே வழக்கு நடந்தது. காலியாகக் கிடக்கும் ஒரு வீட்டுக்குள் நடந்து, கிடைக்கும் கடிதங்களையும் பொருள்களையும் வைத்துக் குடும்பக் கதையைத் தெரிந்துகொள்வதுதான் அதில் வேலை. "இரண்டு மணி நேரத்துக்கு 20 டாலரா?" என்றார்கள். "இது கேமே இல்லை" என்றும் சொன்னார்கள். எதிர்க்கட்சியோ அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

இந்த இடத்தில் தமிழாசிரியர்களான நமக்கு ஒன்று சொல்ல இருக்கிறது. குறள் வெண்பா இரண்டே அடி, ஏழே சீர். அடிக்கணக்குப் பார்த்துக் காப்பியத்தை விடக் குறள் சிறியது என்று எந்த மாணவனாவது மதிப்பெண் குறைத்தால் ஒப்புக்கொள்வோமா? சிறுகதையை நாவலின் பக்கக்கணக்கால் அளப்போமா? மணிக்கணக்குதான் தீர்ப்பு என்றால், முடிவே இல்லாத கேம்தான் எப்போதும் ஜெயிக்கும். அதற்குமேல் பேச ஒன்றும் இருக்காது.

'தமிழ் கேம்' என்ற பரிந்துரை

சரி, அந்த மாணவி சொன்னது? இங்கேதான் நாம் நம்மையே கொஞ்சம் கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழ்ப் பெயர் வைத்த எதையும் உடனே பகிர்ந்து, "ஆதரவு தாருங்கள்" என்று எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. நானும் செய்திருக்கிறேன். மனம் நல்ல மனம்தான். ஆனால் அந்த வார்த்தையில் கேமைப் பற்றி என்ன இருக்கிறது? ஆடாமலே அதைச் சொல்லலாம். "ஒன்றரை மணி நேரம்தான்" என்பதையும் ஆடாமலே சொல்லலாம். இரண்டு பேரும் வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போகவில்லை.

விருதும் அப்படித்தான். 2024-இல் பாஃப்டா கேம் விருதுகளில் சிறந்த அறிமுகப் படைப்பு என்ற விருதை 'வெண்பா' பெற்றது. அதே ஆண்டு சுயாதீன கேம் விழாவின் தலைமைப் பரிசும் அதற்கே. இது நமக்குப் பெருமை, மறுக்கவில்லை. ஆனால் "விருது வாங்கியது, அதனால் நல்லது" என்று மாணவன் கட்டுரை எழுதினால், "ஏன் கொடுத்தார்கள்?" என்று ஓரத்தில் சிவப்பு மையால் கேட்போம் அல்லவா?

உள்ளே போனால்

ஒரு கேமை எடைபோட, அதில் நம் கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். கதையை மட்டும் சொல்வதென்றால் குறும்படம் எடுத்திருக்கலாமே. 'வெண்பா'வில் கை செய்யும் வேலை, அழிந்த எழுத்தை நிரப்புவது. பாட்டி எழுதியது, அம்மாவின் கையில் பாதி அழிந்திருக்கிறது. பின்னால் ஓர் அத்தியாயத்தில் நாம் கவினாக மாறிச் சமைக்கிறோம். அவனுக்குத் தமிழ் வாசிப்பு சரியாக வராது. தமிழில் உள்ள குறிப்பைத் தட்டுத் தடுமாறித்தான் புரிந்துகொள்கிறான். முதலில் காகிதம் அழிந்தது, இப்போது மொழி அழிந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வேலைதான்: ஊகித்து நிரப்புவது. தாய்மொழி கைவிட்டுப் போவது எப்படி இருக்கும் என்பதை இந்த கேம் வசனமாகச் சொல்லவில்லை. நம்மையே செய்ய வைக்கிறது. இதன் பலம் இதுதான் என்பேன்.

ஒப்பிட இன்னொரு கேம் சொல்கிறேன். அதே 2023-இல் பிரான்சிலிருந்து வந்த 'சான்ட்ஸ் ஆஃப் சென்னார்'. ஒரு கோபுரத்தின் ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு மக்கள் கூட்டம், ஒரு புது எழுத்து. அறிவிப்புப் பலகை, பேச்சு, சைகை எல்லாவற்றையும் கவனித்து ஒவ்வொரு குறிக்கும் பொருளை ஊகிக்க வேண்டும். புதிர் என்ற அளவில் அது 'வெண்பா'வை விடப் பல மடங்கு கெட்டியானது. அதில் தெரியாத மொழி ஒரு பூட்டு. திறந்தால் வெற்றி. 'வெண்பா'வில் அது தன் வீட்டு மொழி. திறந்தாலும், "இத்தனை நாள் எங்கே இருந்தாய்?" என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். புதிர்கள் மிக எளிது. தவறாகச் சமைத்தால் மறுபடி செய்யலாம், இழப்பு ஒன்றும் இல்லை. இட்லிச் சட்டியோடு வளர்ந்த நமக்குச் சில இடங்களில் புதிரே இல்லை. கவினின் தடுமாற்றம் வலிக்க வேண்டுமென்றால் நம் தவறும் கொஞ்சம் வலித்திருக்க வேண்டும். உரையாடலில் நாம் தேர்ந்தெடுக்கும் பதில்கள் கதையின் போக்கைப் பெரிதாக மாற்றுவதில்லை. "நான் என்ன சொன்னா என்ன?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காலமும் தாவித் தாவிப் போகிறது. கவினின் மனம் மாறுகிற இடத்தில் இன்னும் ஓர் அத்தியாயம் நின்றிருக்கலாம். ஒன்றரை மணி நேரம் என்பது குறை இல்லை. அந்த ஓர் இடத்தில் அவசரப்பட்டதுதான் குறை. இரண்டும் வேறு வேறு புகார்கள். இந்த வேறுபாட்டை மாணவர்களுக்குக் காட்டினால், அதுவே நல்ல திறனாய்வுப் பாடம்.

என் தீர்ப்பு: படிவம் மூன்றுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு 'வெண்பா'வைப் பரிந்துரைக்கிறேன். வீட்டில் ஒரு மொழியும் வெளியே ஒரு மொழியும் பேசும் பிள்ளைக்கு இது பேசும். விரல் வேகத்தையும் போட்டியையும் எதிர்பார்ப்பவனுக்கு இது சலிக்கும். அவனைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

வகுப்பறைக்கு

மொபைல் லெஜண்ட்ஸ் பற்றி இந்தப் பிள்ளைகள் பேசும்போது காது கொடுத்திருக்கிறீர்களா? அது ஐவருக்கு ஐவர் மோதும் ஆட்டம். 2019 தென்கிழக்காசியப் போட்டியில் பதக்கத்துக்கே ஆடப்பட்டது. எந்த ஹீரோ சிறந்தது என்ற வாதத்தில் அவர்கள் சான்று இல்லாமல் பேசுவதே இல்லை. "போன அப்டேட்ல அந்த ஹீரோவோட பவரைக் குறைச்சிட்டாங்க. அதனால இப்ப டேங்க் எடுத்தாதான் டீமுக்கு நல்லது." கருத்து, காரணம், சான்று, சூழல் நான்கும் இந்த இரண்டு வரியில் இருக்கின்றன. வாதக் கட்டுரையில் நாம் வரவழைக்கப் படாதபாடு படுவது இதைத்தானே? திறமை அவர்களிடம் இருக்கிறது. மற்றக் கேம்களுக்கும், பிறகு கதைக்கும் நாவலுக்கும் அதைக் கொண்டுவருவது நம் வேலை.

அதற்கு மூன்று கேள்விகள் போதும். இதில் உன் கை என்ன செய்கிறது? எந்த இடத்தில் உனக்குப் பிடித்தது அல்லது சலித்தது, அந்த ஓர் இடத்தைச் சொல். யாருக்கு இதைக் கொடுப்பாய், யாருக்குக் கொடுக்க மாட்டாய்? விலையும் மணிக்கணக்கும் கடைசியில் வரட்டும்.

அடுத்த வாரம் இந்தக் கேள்விகளை வகுப்பில் வைத்தேன். மாணவன் தன் ஹீரோவைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினான், பெரும்பாலும் தமிழில். பிறகு அந்த மாணவியின் முறை. "எந்த இடம்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "கவின் இங்கிலீஷ்ல பதில் சொல்றப்ப அவங்க அம்மா ஒண்ணும் சொல்லாம சமைச்சுக்கிட்டு இருப்பாங்க டீச்சர். எங்க வீட்லயும் நான் அப்படித்தான் பதில் சொல்வேன். எங்கம்மாவும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

முதல் நாள் வாதத்தில் இதை அவள் சொல்லவே இல்லை. "தமிழ் கேம், சப்போர்ட் பண்ணணும்" என்று மட்டும்தான் சொன்னாள். எதிரில் இருந்தவன் இந்த முறை மணிக்கணக்கு கேட்கவில்லை. "யாரோட ஸ்விட்ச் அது? உங்க அக்கா தருவாங்களா?" என்று கேட்டான்.

உங்கள் வகுப்பில் முயன்று பார்த்துவிட்டு, மாணவர்கள் என்ன சொன்னார்கள் என்று இந்த இதழுக்கு எழுதுங்கள்.