திரையில் வராத தப்தர்

ஜவ்வாது மலையிலிருந்து ஆலங்காயம் வழியாக இறங்கினால் வாணியம்பாடி. அதை அடுத்து ஆம்பூர், பேரணாம்பட்டு. தோல் தொழில் நடக்கும் இந்த ஊர்களில் பல முஸ்லிம் வீடுகளுக்குள் தக்கினி உருது, கடைத்தெருவில் வடஆர்க்காட்டுத் தமிழ். 1919இல் தொடங்கிய இஸ்லாமியா கல்லூரியும் 1924இல் தொடங்கிய உமராபாத் ஜாமியா தாருஸ்ஸலாமும் இந்தப் பக்கத்தில்தான். சினிமா 'பாய்' வாயில் போடும் உருது கலந்த கொச்சைத் தமிழ் எந்த ஊர்ப் பேச்சு என்று கேட்டால், பலரும் இந்த அடிவாரத்தைக் கைகாட்டுவார்கள். இங்கே யாரும் அப்படிப் பேசுவதில்லை.

பேச்சைப் போலவே இங்கத்திய கல்யாணமும் சினிமாவில் வருவதுபோல் இருக்காது. நிக்காஹ் மஜ்லிஸில், அதாவது கல்யாணச் சபையில், மாப்பிள்ளை மட்டும்தான் உட்கார்ந்திருப்பார். பெண் உள்ளறையில் இருப்பாள். வக்கீலும் (பெண்ணின் சார்பாளர்) இரண்டு சாட்சிகளும் அவளிடம் போய், இன்னார் மகனுக்கு இவ்வளவு மஹருக்கு நிக்காஹ் செய்துகொடுக்கச் சம்மதமா என்று கேட்டு, கையெழுத்து வாங்கி வருவார்கள். ஹஜ்ரத் குத்பா ஓதி, மஹரை ஒலிபெருக்கியில் எல்லார் காதிலும் விழச் சொல்வார். பிறகு தப்தர். ஜமாஅத்தின் அந்தத் தடித்த பதிவேட்டில் மணமக்கள் பெயர், வலி (பெண்ணின் பொறுப்பாளர்), சாட்சிகள், மஹர் நகையா ரொக்கமா, கொடுத்தாயிற்றா பாக்கியா என்று வரிசையாக எழுத வேண்டும். கடைசிக் கேள்வி வரும்போது பேனா கொஞ்சம் நிற்கும். அப்புறம் பேரீச்சம்பழம், கட்டித்தழுவல், பிரியாணி, கூடவே கத்தரிக்காய். உருது வீடுகளில் மணப்பெண் கழுத்தில் லச்சா, தமிழ் பேசும் வீடுகளில் கருகமணி. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் போனால் மாப்பிள்ளையே பெண்வீட்டுக்குக் குடிவருவார், வீடு மகளுக்கு.

மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது மஹர், அது தப்தரில் ஏறும். பெண்வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுப்பது கைக்கூலி, அது எதிலும் ஏறாது. முஸ்லிம் கல்யாணத்தைப் படமெடுக்க நினைப்பவருக்கு இந்த இரண்டு தொகைகளே போதும்.

தமிழ் சினிமா இந்தப் பக்கம் வரவில்லை. 'பாவமன்னிப்பு' (1961) பெருந்தன்மையான படம்தான். ஆனால் அதன் ரஹீம் பிறப்பால் இந்து. 'பம்பாய்' (1995) ஷைலா பானு ஊரைவிட்டு ஓடிப்போய் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறாள். கால் நூற்றாண்டு கழித்து வந்த 'மாநாடு' (2021) கதாநாயகனுக்கே அப்துல் காலிக் என்று பெயர் வைத்தது, நல்ல மாற்றம். அதிலும் நாயகனின் நண்பனுடைய காதலி சரீனா நிக்காஹ் நடக்கவிருந்த இடத்திலிருந்து கூட்டிவரப்படுகிறாள். முஸ்லிம் பெண்ணின் காதல் என்றால் நிக்காஹ்விலிருந்து தப்பிப்பது என்றே நம் திரைக்கதைக்குப் பழகிவிட்டது. தப்பித்தவறி உள்ளே போகும் காட்சிகளிலும் சிவப்பு முக்காடு, மூன்று முறை 'கபூல் ஹை'. அது இந்திப் படங்களிலிருந்து வந்த சாமான்.

2023இல் இரண்டு படங்கள் வீட்டுக்குள் நுழையப் பார்த்தன. கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் இருக்கவேண்டிய இத்தாவை வைத்துக் கதை சொன்னது 'புர்கா'. கால் சென்டரில் வேலைக்குப் போகும் மனைவியைக் காட்டியது 'ஃபர்ஹானா'. இரண்டாவதற்கு எதிர்ப்பு வந்தது; எதிர்த்தவர்கள் பேசாமல் விட்டது, அதில் வரும் கணவன் எவ்வளவு சாந்தமான ஆள் என்பதை. மலையாளத்தில் 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' (2018) மலப்புரத்து இளைஞன் பெண் பார்க்கப் போவதை எந்தச் சலசலப்புமின்றிச் சொல்லிவிட்டது. எடுத்தவர் அந்த ஊரை அறிந்தவர்.

தமிழ் முஸ்லிம் கல்யாணத்தின் உள்பக்கம் கேமராவுக்குக் கிடைத்தது ஆவணப்படங்களில்தான். தீபா தன்ராஜின் 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' (2011), புதுக்கோட்டை ஷரீஃபா கானம் தொடங்கிய பெண்கள் ஜமாஅத்தின் பின்னால் போனது. தலாக், கைக்கூலி, அடி உதை என்று வரும் புகார்களைப் பெண்களே உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். வழக்கமான ஜமாஅத்தில் தப்தர் ஆண்கள் கையில். கிம் லாங்கினாட்டோவின் 'சல்மா' (2013) துவரங்குறிச்சியிலிருந்து எழுதிய கவிஞரைப் பற்றியது. அவரது 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இலேயே வந்துவிட்ட நாவல். அதைப் படித்த இயக்குநர்கள் இருக்கவே செய்வார்கள்.

ஹஜ்ரத் மஹர் தொகையைச் சொல்ல, உள்ளறையில் பெண் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு காட்சியைத் தமிழ்க் கதைப்படத்தில் நான் இதுவரை பார்க்கவில்லை. பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.