பல் பிடுங்கிய மெஷின்

வள்ளியூர் வீடுகளில் கறுப்புத் தலை தையல் மெஷின்களுக்குப் பஞ்சமில்லை. உஷா, மெரிட், ரீட்டா. பாட்டி சீதனமாகக் கொண்டுவந்தது என்றால் சிங்கர். பாதிக்குமேல் இப்போது சும்மா கிடக்கின்றன. மேலே இஸ்திரித் துணி, பக்கத்தில் மிக்ஸி கவர். இந்த மெஷின்களைப் பற்றி அண்மையில் இரண்டு தீர்ப்புகள் காதில் விழுகின்றன. குயில்ட் போட அதைவிட நல்ல மெஷினே கிடையாது என்பது ஒன்று. அந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் மெஷின் வந்துவிட்டது, இதை எடைக்குப் போடு என்பது மற்றொன்று. இரண்டையும் தைத்துப் பார்த்தே எடைபோட வேண்டும்.

மேல்துணி, நடுவில் பஞ்சு அல்லது தடித்த துணி, அடித்துணி என மூன்றையும் சேர்த்துத் தைத்தால் அது குயில்ட். நேர்கோட்டில் தைக்காமல் சுருளும் இலையும் அலையுமாகக் கைபோன போக்கில் தைத்து நிரப்புவதை ஃப்ரீ மோஷன் என்கிறார்கள். மெஷினில் துணியை முன்னே தள்ளுவது ஊசித் தகட்டுக்கு அடியிலுள்ள பல். தையலின் நீளத்தை அதுதான் முடிவு செய்கிறது. ஃப்ரீ மோஷனுக்கு அந்தப் பல்லை முடக்க வேண்டும். சில மாடல்களில் அடியிலுள்ள திருகைத் தளர்த்திக் கீழே இறக்கலாம். மற்றவற்றில் தையல் நீளத்தைச் சுழியில் வைத்து, மேலே ஒரு தகட்டைப் போட்டு மூடலாம். அதன்பிறகு மெஷின் வெறும் வேகமான ஊசிதான். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதெல்லாம் கையின் பொறுப்பு.

புதிய வித்தை ஒன்றுமில்லை இது. துணியை அழுத்தும் ஃபுட்டைக் கழற்றி, பல்லை மூடி, துணியை வளையத்தில் இறுக்கி மிதிமெஷினில் பூவேலை செய்வதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிங்கர் கம்பெனி புத்தகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தது. நம்மூரில் ‘மெஷின் எம்பிராய்டரி’ கற்ற அக்காமார்களுக்கும் இது தெரியும். குயில்ட்டில் வளையம் இல்லை. விரித்த இரண்டு உள்ளங்கைகளே வளையம்.

சோதனைக்குப் பழைய வேட்டி இரண்டு, நடுவில் ஃபிளானல் என ஒரு சதுர அடி எடுத்துக்கொண்டேன். முதல் நிமிடத்திலேயே துணிக்கடியில் குருவிக்கூடு மாதிரி நூல் சிக்கிவிட்டது. ஃபுட் மாட்டாததால் அதன் நெம்புகோலை இறக்க மறந்திருந்தேன். நெம்புகோல் மேலே இருந்தால் மேல்நூலில் டென்ஷனே இருக்காது. இறக்கியதும் சரியானது. அடுத்த கோளாறு வளைவில். துணியைத் திருப்பிப் பார்த்தால் வளைவுகளில் மட்டும் கண்ணிமை மயிர் மாதிரி நூல் தூக்கி நிற்கிறது. கை முந்திவிட்டது, கால் பிந்திவிட்டது. ஃபுட்டே இல்லாமல் தைத்தபோது ஊசியோடு துணியும் மேலே எழும்பித் தையல் விட்டுப்போனது. ஸ்பிரிங் வைத்த டார்னிங் ஃபுட் ஒன்றை மாட்டியதும் அதுவும் நின்றது. மூன்று கோளாறில் மெஷின்மேல் போடத்தக்க பழி ஒன்றுகூட இல்லை.

மெஷினுக்குச் சாதகமாகப் பேசும் முதல் சாட்சி ஊசித் தகடு. நேர்த்தையல் மட்டும் போடும் மெஷினில் ஊசி இறங்கும் துளை சின்ன வட்டம். ஜிக்ஜாக் மெஷினில் ஊசி இடவலம் ஆட வேண்டும் என்பதால் நீளமான பிளவு. பிளவுக்குள் ஊசி துணியையும் சேர்த்து அமுக்கும். சின்னத் துளையில் அது நடக்காது. அதனால்தான் புது மெஷின் வைத்திருப்பவர்களும் ஒற்றைத் துளைத் தகட்டைத் தனியாக வாங்கி மாட்டுகிறார்கள். நம் கறுப்பு மெஷினில் அது கூடவே பிறந்தது.

இரண்டாவது சாட்சி மிதி. கைமெஷினில் ஒரு கை சக்கரத்துக்குப் போய்விடும். ஒற்றைக் கையால் மூன்றடுக்குத் துணியை ஓட்ட முடியாது. மிதிமெஷினில் இரண்டு கையும் துணிமேலேயே இருக்கும். மோட்டார் மாட்டினாலும் கை விடுபடும் என்பது உண்மை. ஆனால் உள்ளூரில் மாட்டித்தரும் மலிவு மோட்டார்கள் பலவற்றில் மெதுவாகப் போகும் நிலையே கிடையாது, மிதித்ததும் பாயும். வளைவில் வேகத்தைப் பாதியாகக் குறைக்கக் காலுக்குத் தெரியும்.

பாதகமான சாட்சியும் வலுவானதுதான். ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. கட்டில் அளவுக் குயில்ட்டைச் சுருட்டி அந்தச் சந்துக்குள் திணித்துத் திருப்புவது, ஜமுக்காளத்தை வாளிக்குள் அலசுகிற கதை. விலையுயர்ந்த புது மெஷின்களில் அந்த இடம் அகலம். சிலவற்றில் துணி நகரும் வேகத்தை சென்சார் அளந்து ஊசியின் வேகத்தைச் சரிசெய்துகொள்கிறது. எனக்கு வந்த கண்ணிமைக் கோளாறு அங்கே வெகுவாகக் குறையும். இதை மறைத்துப் பழைய மெஷினைக் கொண்டாடுவது நியாயமாகாது.

நடுவில் வைக்கும் பொருளும் சிக்கல்தான். கைக்கெட்டும் இலவம் பஞ்சு குயில்ட்டுக்கு ஆகாது. வழுவழுப்பான இழை; விரிப்பாகப் பிடித்து நிற்காமல் ஒரு மூலைக்கு ஓடிவிடும். அதோடு இந்த வெயிலில் பஞ்சுப் போர்வை யாருக்கு? ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றுக்குப் பழஞ்சேலை இரண்டை மடித்துத் தைத்த போர்வையே போதும். இங்கே பொருந்துவது அந்த மெல்லிய வகை. கறுப்பு மெஷினுக்கு எளிதாக இருப்பதும் அதுவே.

பிழைப்புக்கு ஆகுமா என்பது கடைசிக் கேள்வி. அந்த ஒரு சதுர அடியை நிரப்ப எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஆறுக்கு நாலு அடிப் போர்வை என்றால் 24 சதுர அடி. 18 மணி நேரம். கை பழகியவர் அதைப் பாதியாக்கினாலும் 9 மணி நேரம், ஒரு முழு நாள் வேலை. அதே நாளில் அவர் எத்தனை ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருப்பார்? இந்தப் பக்கத்துக்கு இது புதுக் கேள்வியும் இல்லை. கிழக்கே இடையன்குடிக்கு மிஷனரி கால்டுவெல் 1841-இல் வந்தார். அவர் மனைவி எலைசா அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். எலைசாவின் தாய் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் தொடங்கிவைத்த கைத்தொழில் அது. அந்த லேஸுக்கு விலை கொடுத்தவர்கள் உள்ளூர்ச் சந்தைக்கு வருகிறவர்கள் அல்ல. மணிக்கணக்கில் கை உழைக்கும் பொருளுக்கு வாங்குபவர் வெளியே இருந்தால்தான் கூலி கட்டும். அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவச மெஷின் வாங்கிய பெண்ணிடம் போய், ஜாக்கெட்டை விட்டுவிட்டுக் குயில்ட் போடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆக, தீர்ப்பு இது. தையலின் தரத்தில் கறுப்பு மெஷின் புது மெஷினுக்கு இளைத்ததல்ல. குழந்தை மெத்தை, தலையணை உறை, பை, ஓரடிச் சதுரங்களைத் தனித்தனியே தைத்துப் பிறகு இணைக்கும் மெல்லிய போர்வை ஆகியவற்றுக்கு அதுவே போதும். இதற்காகப் புது மெஷின் வாங்குவது வீண்செலவு. கட்டில் அளவுப் பஞ்சுக் குயில்ட்டை ஒரே துண்டாகத் தைக்க அது ஆகாது. கூலிக்குத் தைப்பவர், வாங்குபவர் கையில் இருந்தாலொழிய இதில் இறங்க வேண்டாம்.

பல் பிடுங்கிய பாம்பை நாம் ஏளனமாகச் சொல்வோம். இந்த மெஷினில் பல் போனதும் எனக்கு நேர்ந்தது வேறு. இத்தனை காலம் நேராக வந்த தையலை என் திறமை என்று நினைத்திருந்தேன்; அது பல்லின் திறமை என்று அந்த ஒரு சதுர அடி காட்டிக்கொடுத்துவிட்டது. முதல் மூலையில் கண்ணிமைகள். நாலாவது மூலையில் ஒன்றிரண்டுதான். மெஷினை எடைக்குப் போடுவதற்கு முன் அந்த நாலாவது மூலைவரையாவது தைத்துப் பார்க்கலாம்.