கரிசல் சொல்லாய்வில் விளைவளவு

கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் 1923-இல் பிறந்தவர்கள். இவ்விருவர் கதைகளிலும் வட்டாரச் சொற்களின் விகிதத்தை ஒப்பிடும் ஆய்வாளர் மிகைகாண் சோதனையோடு நின்றுவிடுதல் போதாது. பத்தாயிரம் சொற்கள் கொண்ட இரு மாதிரிகளில் அவ்விகிதம் முறையே 4%, 3% என ஒரு கற்பிதம் கொள்வோம். இசட் மதிப்பு ஏறத்தாழ 3.85, வேறுபாடு தற்செயலன்று எனச் சோதனை கூறும். ஆனால், விகித வர்க்கமூலங்களின் தலைகீழ் சைன் மதிப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டை இரட்டித்துப் பெறும் கோஹனின் எச் அளவு 0.05 மட்டுமே, அவர் 'சிறிது' என வகுத்ததே 0.2. மாதிரியைப் பெருக்கினால் இசட் வளரும், எச் வளராது.

எனினும், நடத்தை அறிவியலுக்கென எழுந்த அவ்வரம்பை இலக்கியத்தின்மீது அப்படியே சுமத்துவதும் பொருந்தாது. நூற்றுக்கு ஒன்றாய் மிகும் சொல் உரையாடலில் வருகிறதா, ஆசிரியர் கூற்றில் வருகிறதா என்பதே நடையைத் தீர்மானிக்கிறது, கி.ரா.வின் கதைசொல்லியே கரிசல் மொழி பேசுபவர் அல்லவா? இரண்டையும் பிரித்தெண்ணி, ஒவ்வொன்றுக்கும் எச் அளவை நம்பிக்கை இடைவெளியுடன் தருதல் வேண்டும்.